சுண்டா மொழியில் என்னைப் பற்றி ஒரு வரி

நானா,

இன்று காலை மெற்றோ வாசலில் ஒருவன் கராம்புச் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மணத்தில் எனக்குக் கார்ட்டியர்வில் வீட்டுக் குசினி நினைவுக்கு வந்தது. நீங்களும் அதே சிகரெட் பிடிக்கும் அந்த இந்தோனேசியாக்காரரும் மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு இருப்பீர்கள். நான் அறைக்குள் இருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் கண்ணை மூடி மௌத்தாகி இன்றைக்கு நாற்பத்தைந்து நாள்.

நாங்கள் சந்தித்தது தையல் தொழிற்சாலையில். எந்த ஊர் என்று கேட்டீர்கள், சொன்னேன். சிரித்துக்கொண்டு உங்கள் தெருவின் பெயரைச் சொன்னீர்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அன்றைக்கே, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல ‘நானா’ என்று கூப்பிடத் தொடங்கினேன். ஊரில் முகம் பார்த்துப் பழகாத இருவர் மொன்றியலில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். உங்கள் மனைவியும் மகளும் அப்போது புத்தளத்தில், அகதி முகாமில்.

தொண்ணூறாம் ஆண்டு எங்கள் இயக்கக்காரர் துவக்கோடு வந்து உங்கள் ஆட்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். எங்கள் வீதியால்தான் எல்லோரும் நடந்து போனீர்கள். நான் வீட்டு வாசல் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனவன். யார் யார் போனார்கள் என்று பார்க்கவில்லை. பார்க்கப் பயம். நீங்கள் மொன்றியலில் அந்த நாளைப் பற்றி ஒரு சொல்கூடக் கதைக்கவில்லை. ஒருவன் இதைக் கதைக்காமல் இருக்கிறான் என்றால் எதற்கோ காத்திருக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

ஊரில் பள்ளிக்கூடத்தில் அரபு படிப்பித்தவர் நீங்கள். அந்த இந்தோனேசியாக்காரர் மேற்கு ஜாவாவைச் சேர்ந்தவர். சுண்டா அவருடைய தாய்மொழி. சுண்டாவையும் அரபையும் ஒப்பிட்டு ஆய்வு செய்ய வந்தவர், பள்ளிவாசலில் உங்களைக் கண்டுபிடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். தொழிற்சாலையில் வாய் திறக்காத நீங்கள் அந்த மேசையில் வேறு ஆளாக இருந்தீர்கள். சுண்டாக்காரருக்கு ‘ஃப’ வராது, அரபியில் இருந்து எடுத்த ‘ஃபிக்ர்’ அவர்களிடம் ‘பிகிர்’ ஆகிவிட்டது என்று என்னையும் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அரபுக்காரருக்கோ அந்தப் ‘பி’யே வராதாம். சாப்பிடுவதற்குச் சுண்டாவில் மூன்று சொல்: தன்னைச் சொன்னால் ‘நேடா’, பெரியவரைச் சொன்னால் ‘துவாங்’, கூட்டாளிகளுக்குள் ‘டாஹர்’. அரபியில் அரசனுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே சொல்தான். தமிழில் எப்படி என்று அவர் என்னிடம் கேட்டார். நான் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். அவர் குனிந்து எதையோ எழுதினார்.

எழுதியது அரபு எழுத்தில். என்னால் வாசிக்க முடியாது.

என் அகதி விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஊரில் என்ன செய்தாய், யாருக்கு என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அதற்கு முன்பே யாரோ எழுதிக் கொடுத்துவிட்டால்? அன்றிலிருந்து என் பத்திரங்களை மெத்தைக்குக் கீழே வைத்தேன். வழக்கறிஞருக்கு வெளியில் போய்த்தான் தொலைபேசி எடுத்தேன். நீங்கள் குளிக்கப் போன நேரம் அந்தத் தாளை உருவிக்கொண்டு மூலையில் இருந்த தெப்பனர் என்ற சில்லறைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் லெபனானைச் சேர்ந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். இரண்டு வரியில் நிறுத்தினார். எழுத்து எங்களுடையது, பேச்சு எங்களுடையது இல்லை, நடுவில் மட்டும் சில அரபுச் சொல் இருக்கிறது என்றார். அப்படியென்றால் இரகசிய எழுத்துத்தான் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிறு இருவரும் தாளைத் தேடினீர்கள். நானும் குனிந்து கட்டிலுக்குக் கீழே தேடினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நாலு நாளில் நீங்கள் பால் வாங்கப் போனபோது கடைக்காரரே, உங்கள் நண்பர் கொண்டுவந்தது என்ன மொழி என்று கேட்டிருக்கிறார். பால் பெட்டியோடு வந்து என் முன்னால் இருந்தீர்கள்.

“நீர்தான் எடுத்தனீரோ?”

“ஓம் நானா.”

“ஏன்?”

“என்னைப் பற்றி எழுதுறியள் எண்டு நினைச்சன்.”

தாளைக் கேட்டு வாங்கினீர்கள். அது சுண்டா மொழி, மதரசாவில் பழகிய எழுத்திலேயே குறிப்பு எடுப்பது அவருடைய வழக்கம் என்றீர்கள். அவரிடம் பழகிய அளவில் விரலை வைத்து வாசித்துக் காட்டினீர்கள். ‘புடாக்’ என்றால் பிள்ளை. நடுவில் ஓர் ‘அர்’ சேர்த்தால் ‘பருடாக்’, பிள்ளைகள். அரபியில் ‘வலத்’, ‘அவ்லாத்’. இரண்டிலும் பன்மை சொல்லுக்குள்ளேயே புகுகிறது, தமிழில்தான் கடைசியில் ஒட்டுகிறோம் என்றீர்கள். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

“இது உம்மைப் பற்றித்தான். தமிழரும் எங்களைப் போல மரியாதை பார்த்துச் சொல்லை மாத்துகினம், இந்த வீட்டுக்காரர் தன்ரை கூட்டாளிக்கும் ‘சாப்பிடுங்கோ’ எண்டுதான் சொல்லுறார் எண்டு எழுதியிருக்கிறார்.”

நீங்கள் தாளை மடித்தீர்கள்.

“நீர் படலை சாத்தினதை நான் கண்டனான். முதல் நாளே முகம் தெரிஞ்சது. அதை எழுதிறதெண்டால் தமிழிலை எழுதியிருப்பன்.”

எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குப் பாலைக் காய்ச்சினீர்கள்.

என் விசாரணையில் அந்த நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என்னை ஏற்றுக்கொண்டார்கள். அப்போதும், இவர் ஏன் சும்மா விட்டார் என்று மனம் குடைந்தது. உங்கள் குடும்பம் வந்ததும் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய் பக்கம் போனீர்கள். பெருநாளுக்குக் கூப்பிடுவீர்கள், வருவேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஆற்றைக் கடப்பேன். நீங்கள் பனியைப் பற்றியும் மகளின் பிரெஞ்சைப் பற்றியும் கதைப்பீர்கள். கேட்காமல் திரும்பிவிடுவேன்.

நாற்பதாம் நாள் முடிந்த கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவியிடம், என்னை மன்னியுங்கோ என்றேன். எதுக்கு என்று கேட்டா. அவவுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்லவேயில்லை. அதனால் நானே முழுவதையும் சொல்ல வேண்டி வந்தது.

கேட்டுக்கொண்டே இருந்தா. பிறகு, “எந்த வீடு, தம்பி?” என்றா. சொன்னேன்.

“சந்தியிலை, நீலப் படலை. அதிலைதான் இவர் பிள்ளைக்குத் தண்ணி கேட்கப் போனவர். ஆக்கள் இல்லை எண்டு வந்து சொன்னவர்.”

ஆக்கள் இல்லை. என்னைக் கண்ட பிறகும் உங்கள் மனைவியிடம் அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வீதியில் ஒரு கணம் முகம் மட்டும் கண்ட ஒருவனுக்காக. அது இரக்கமா, வெறுப்பா, அவ மனம் நோகக் கூடாது என்ற எண்ணமா? எட்டு மாதம் ஒரே அடுப்பில் சமைத்தும் எனக்குத் தெரியவில்லை, நானா. இத்தனை காலம் உங்களைச் சந்தேகித்தேன். இப்போது இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.