ரேகை தேய்ந்த கைக்கு மருத்துவ அட்டை வேண்டி

அனுப்புநர்
டைல்ஸ் பதிக்கும் தொழிலாளியின் மனைவி,
(திரைச்சீலைக் கடையில் தையல் வேலை)
மூன்றாம் மாடி, ஏழாம் எண் அறை,
பேருந்துப் பணிமனைக்குப் பின்புறமுள்ள தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தாய்நாட்டுத் தூதரகம்.

பொருள்: என் கணவரின் கைரேகை பதியாததால் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டு, அதன் காரணமாக அரசு மருத்துவமனையில் சிகிச்சை மறுக்கப்படுவது குறித்து.

பார்வை: ஏப்ரல் 2 அன்று இணையவழியில் நான் அளித்த புகார், அது முடித்து வைக்கப்பட்டதாக ஏப்ரல் 10 அன்று வந்த குறுஞ்செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதற்கு முன் நான் மனு எழுதிப் பழகியவள் அல்ல. முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் பதினோரு ஆண்டுகளாக இந்நாட்டில் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்கிறார். சிமெண்டும் பசையும் நாள்தோறும் பட்டு, அவருடைய பத்து விரல்களிலும் ரேகை தேய்ந்து போய்விட்டது. இத்தொழிலில் இருப்பவர்கள் பலருக்கும் இப்படித்தான். அதனால் ஒரு கெடுதல் வருமென்று நாங்கள் நினைத்ததே இல்லை.

2. வெளிநாட்டுத் தொழிலாளர் அனைவரும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டுமென்று பிப்ரவரியில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. உடனே சென்றோம். ஒவ்வொரு விரலையும் மும்மூன்று முறை வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. அங்கே நம் மொழி பேசும் பெண் ஊழியர் ஒருவர் ஈரத்துணியால் விரல்களைத் துடைத்துவிட்டார். தம் கைப்பையிலிருந்து களிம்பு எடுத்துத் தடவியும் பார்த்தார். கடைசியில், "அண்ணே, நான் என்ன பண்ணட்டும்? நீங்கதான்னு எனக்குத் தெரியுது, மெஷினுக்குத் தெரியலையே" என்றார். அந்தக் கிளையின் தரைக்கு டைல்ஸ் பதித்தவர் என் கணவர். "நான் போட்ட தரையில நின்னுக்கிட்டே நான் யாருன்னு நிரூபிக்க முடியலையேம்மா" என்று சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. மார்ச் முதல் தேதி கணக்கு முடக்கப்பட்டது. சம்பளம் உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை. மருத்துவ அட்டைக்கான மாதக் கட்டணம் அந்தக் கணக்கிலிருந்துதான் பிடிக்கப்படும். பிடிக்க முடியாமல் போனதால் பதினைந்தே நாளில் அட்டை செல்லாததாகிவிட்டது. என் தையல் கூலியிலிருந்து ரொக்கமாகக் கட்டுகிறேன் என்று மருத்துவமனையில் கேட்டேன். அட்டைதாரரின் கணக்கிலிருந்து வந்தால்தான் செல்லும் என்றார்கள்.

4. ரேகை தேய்ந்ததற்கு அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் சான்று வாங்கி வந்தால் கணக்கைத் திறப்பதாக வங்கியில் சொன்னார்கள். அட்டை இல்லாமல் எந்த மருத்துவரையும் பார்க்க முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையே நான்கு முறை அலைந்தோம். இரு இடத்திலும் யாரும் எங்களைக் கடிந்து பேசவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். கடிந்து பேசியிருந்தாலாவது யார்மீது புகார் எழுதுவதென்று தெரிந்திருக்கும்.

5. ஏப்ரல் 18 அன்று உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்று அவர் வலது பாதத்தில் குத்தியது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வேலையிடத்து ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு, ஆறு நாள் என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார். காலுறையைத் துவைக்க எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மருந்துக்கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "அக்கா, இது களிம்புல ஆறுற புண்ணு இல்ல. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். போனோம். அட்டை கேட்டார்கள். திரும்பி வந்தோம்.

6. மே 17 அன்று அவருக்குக் காய்ச்சலில் நினைவு தப்பியது. உயிருக்கு ஆபத்து என்றால் அட்டை இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்பது விதியாம். சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அங்கிருந்த மருத்துவரும் செவிலியரும் சொந்தத் தம்பிபோல் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான்காம் நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் புறநோயாளிப் பிரிவில் கட்டு மாற்ற வேண்டுமென்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளோடு புறநோயாளிப் பிரிவுக்குப் போனோம். அட்டை கேட்டார்கள்.

7. தனியார் மருத்துவரிடம் போக என் தையல் கூலி போதாது. அன்று முதல் நானே வீட்டில் கட்டு மாற்றுகிறேன். செவிலியர் செய்ததை நினைவில் வைத்துக்கொண்டு செய்கிறேன். நேற்று முன்தினம் முதல் காயத்தின் வாடை மாறியிருக்கிறது. ஓரத்தில் கறுப்பாகத் தெரிவது ஆறும் தோலா, அழுகும் சதையா என்று எனக்குப் புரியவில்லை. துணியென்றால் தொட்ட மாத்திரத்தில் தரம் சொல்வேன் ஐயா. இதில் எனக்கு ஒன்றும் தெரியாது.

8. ஊருக்கே போய்விடலாமென்றால், பயணத்திற்குத் தகுதியானவர் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டுமாம். அவருடைய மேஸ்திரியும் தம்மால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டு, "தூதரகத்துல சொன்னாத்தான் நடக்கும்மா" என்று கைவிரித்துவிட்டார். தங்களிடம் நான் ஏப்ரலிலேயே சொல்லியிருந்தேன். வங்கி தொடர்பானதை வங்கியிடமும், மருத்துவமனை தொடர்பானதை மருத்துவமனையிடமும் தெரிவிக்குமாறு அறிவுறுத்தி, தங்கள் அலுவலகம் என் புகாரை முடித்து வைத்துவிட்டது.

ஆகவே, கைரேகைக்குப் பதிலாகக் கடவுச்சீட்டையும் கையொப்பத்தையும் ஏற்குமாறு வங்கிக்குத் தாங்கள் ஒரு கடிதம் தர வேண்டுகிறேன். அதுவரை அவரைப் புறநோயாளியாக அனுமதிக்கும்படி மருத்துவமனைக்கும் பரிந்துரைக்க வேண்டுகிறேன். இவை நடைமுறைப்படி நாளாகும் என்றால், ஒரே ஒரு முறை, ஒரு மருத்துவர் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதற்காவது ஏற்பாடு செய்யுங்கள். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். தெரியாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

தங்கள் பதிலை எதிர்நோக்கி,

(கையொப்பம்)
மனுதாரர்

நாள்: ஜூன் 9
இடம்: தொழிலாளர் குடியிருப்பு

இணைப்பு: வங்கி அறிவிப்பு, செல்லாத மருத்துவ அட்டை, மருத்துவமனைத் தாள் ஆகியவற்றின் நகல்கள்.

குறிப்பு: விசாரணைக்கு என் எண்ணையே அழைக்கவும். வேலை நேரத்திலும் பேசலாம். கடை முதலாளி அனுமதித்திருக்கிறார். தயவுசெய்து என் கணவரை அழைக்க வேண்டாம். யார் கேட்டாலும் அவர், "இப்ப பரவாயில்லீங்க" என்றுதான் சொல்வார். அதை நம்பிவிடாதீர்கள் ஐயா.