வேலை செய்பவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் மரியாதைக்கு மட்டும் லேசான சுளுக்கு. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா.

நம் குடியிருப்புக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, வேறு யாரும் முன்வரவில்லை என்பதை எழுத விட்டுப்போச்சு. பதவி வந்தபின் கை சும்மா இருக்குமா? வேலைக்கு வருகிறவர்கள் பக்கெட்டும் துடைப்பமுமாக லிஃப்டில் ஏறுகிறார்கள் என்று ரெண்டாம் மாடி வக்கீல் மூக்கைச் சுளித்தார், மனித உரிமை வழக்கெல்லாம் நடத்துகிறவராம். நானும் உடனே ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, "வேலை செய்பவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது. இப்படிக்கு, செயலாளர்" என்று எழுதி ஒட்டிவிட்டேன். எழுத்து முத்து முத்தாக வந்திருந்தது, ரெண்டு தடவை இறங்கிவந்து பார்த்தேன், லிஃப்டில்தான்.

மறுநாள் காய்கறிப் பையோடு வந்த உன் அம்மா அதைப் படித்துவிட்டு ஐந்து மாடியும் நடந்தே ஏறினாள். ஏன் என்று கேட்டால், "இந்த வீட்ல வேலை செய்யறவ நான்தானே, நீங்க தாராளமா லிஃப்ட்ல போங்க" என்கிறாள். அத்தோடு விட்டாளா, நாலாம் மாடி நர்ஸ், மூணாம் மாடி தையல்காரர் என்று ஆள் சேர்த்தாள், மூன்று நாளாக ஒருத்தரும் ஏறவில்லை. உள்ளே நான் மட்டும், கண்ணாடியில் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு போய்வந்தேன்.

நாலாம் நாள் காலை, நம் கட்டடத்தைப் பெருக்குகிற அம்மா லிஃப்ட் கதவுக்குச் செருப்பை முட்டுக்கொடுத்து உள்ளே பளபளவென்று துடைத்தார். முடித்ததும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, வீங்கிய முட்டியோடு கம்பியைப் பிடித்துப் படியேறினார். என்னைக் கண்டதும் நின்று, "தொடைக்க மட்டும்தான் சார் உள்ள போனேன், வேலையை விட்டு நிறுத்திடாதீங்க" என்றார். அதில் கிண்டல் இருந்திருந்தால் தேவலை, குட்டிம்மா, பயம்தான் இருந்தது. ஆபீஸில் மேனேஜர்களுக்கென்று இருந்த கழிப்பறையின் சாவியை எனக்குத் தரவில்லை என்று முப்பது வருஷமாகப் புலம்புகிற ஆள் நான், உனக்கே அந்தக் கதை மனப்பாடம்.

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன், "ஏறக்கூடாது" என்பதை அடித்து "ஏறலாம்" என்று எழுதினேன். எந்தப் பட்டன் என்று காட்டப் போனால், "எல்லாம் தெரியும் சார், தெனம் தேய்க்கறது நான்தானே" என்று அழுத்திக்கொண்டு மேலே போய்விட்டார். வக்கீல் கொதிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை என்னை நீக்க ஓட்டெடுப்பாம். நடக்கட்டும். என் பதவி போனாலும் அந்தம்மா மறுபடி படியேறும்படி ஆகக் கூடாது என்று நர்ஸும் தையல்காரரும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

ஆனால் புது நோட்டீஸ்படி வேலை செய்பவர்கள்தானே ஏறலாம்? உன் அம்மா லிஃப்ட் வாசலில் நின்று, இன்னைக்கு என்ன வேலை செஞ்சீங்க என்கிறாள். தினமும் பாத்திரம் கழுவி, ஈரக்கையைக் காட்டிவிட்டு ஏறுகிறேன்.

முட்டிவலித் தைலம் அனுப்புவதாகச் சொன்னாயே, ரெண்டாக அனுப்பு, ஒன்று அந்தம்மாவுக்கு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஞாயிறு வரை செயலாளர்,
எந்நாளும் உன் அப்பா.