நீ அனுப்பிய கொசுத்தேன்

குருவிநத்தம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வயிற்றில் வளரும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பாகூர் மூலநாதரை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். கப்பலில் இருக்கும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும், அதுதான் முறை, ஆனால் அதை எழுத எனக்குக் கை வரவில்லை கண்ணு. தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதாசி என்று நினைப்பாய். போனில் பேச முடியாத விஷயம். உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருக்கிறார், நான் தோட்டத்துப் பக்கம் போனை எடுத்துக்கொண்டு போனால்கூட யாரிடம் பேசுகிறாய் என்று குரல் கொடுக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதையும் எடுத்துப் பார்ப்பார். வில்லியனூர் சார்லஸ் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டதும் அவன் கையில் கொடுத்தனுப்ப இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீயும் உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

அப்பா காலில் கரும்புக் கட்டை குத்தின புண் ஆறிக்கொண்டு வருகிறது என்றுதான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆறவில்லை அம்மா. சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்துப்போய்விட்டன. ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு விரலையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தள்ளிப்போட்டால் விரலோடு நிற்காதாம், கணுக்காலுக்கு மேலே போய்விடுமாம். உங்கப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். ஏன் என்று முதலில் கேட்டபோது, எம்பொண்ணு அனுப்புன தேனு கேக்குது, இன்னொரு பாட்டில் வந்துன்னு இருக்குது, அதையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம் என்றார். நீ அனுப்பின கொசுத்தேனைத்தான் சொன்னார்.

நீ அங்கிருந்தே ஆன்லைனில் ஆர்டர் போட்டு ஆசையாகத்தான் அனுப்பினாய், அதை நான் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. கொசுத்தேன் சர்க்கரையை ஏற்றாது, ஆறாத புண்ணையும் ஆற்றும் என்று அந்த வீடியோவில் ஒருவர் பேசினதை எனக்கும்தானே அனுப்பியிருந்தாய், எனக்கும் நம்பிக்கையாகத்தான் இருந்தது. கண்ணாடி பாட்டிலும், மர மூடியும், கழுத்தில் சணல் கயிறும், மலையில் தேன் எடுக்கிறவர் படமும், பரிசோதனை செய்யப்பட்டது என்ற முத்திரையும் பார்த்தபோது கோயில் பிரசாதம் மாதிரி இருந்தது. உங்கப்பா அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். மஸ்கட்லருந்து எம்பொண்ணு போட்டு வுட்டது, நம்ம ஊர்ல கெடைக்காது என்று அவர் சொல்லும்போது முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி, புண்ணின் மேலும் ஊற்றித் துணியைச் சுற்றிக்கொள்வார். இன்சுலின் ஊசியை எனக்குத் தெரியாமலே நிறுத்திவிட்டிருக்கிறார். ஃபிரிட்ஜில் மருந்து குறையாமல் இருப்பதைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, தேனும் ஊசியும் ஒண்ணா சேரக்கூடாதுடி, அந்த வீடியோவுலயே சொல்றானே என்றார்.

எனக்கு அந்தத் தேன் மேல் சந்தேகம் வந்தது. ஊரில் எல்லாரும் சொல்கிற சோதனை எல்லாம் செய்து பார்த்தேன். தண்ணீரில் விட்டால் கரையாமல் கம்பி மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. காகிதத்தில் சொட்டினால் ஊறவில்லை. தீக்குச்சியைத் தோய்த்து உரசினால் பற்றிக்கொண்டது. எறும்பு வருகிறதா என்று சாயங்காலம் வரை தரையில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட வரவில்லை. எல்லாவற்றிலும் அது பாஸாகிவிட்டது. உங்கப்பா கட்டிலில் இருந்தபடியே சிரித்தார். இன்னாடி, எம்பொண்ணு அனுப்புனதையே பரீட்சை வெக்கறியா என்றார்.

அப்புறம்தான் அபிஷேகப்பாக்கத்தில் உன் தமிழ்க்குமரன் மாமா மாட்டுக்கொட்டகைச் சுவரை இடித்தான். மண்சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் மாதிரி ஒரு வாசல், உள்ளே கொசு அளவு தேனீக்கள், ஒரு உள்ளங்கை அளவு கூடு. அதைக் கலைக்காமல் ஒரு பானைக்கு மாற்றி வைத்துவிட்டு, உடைந்த பக்கத்தில் வழிந்ததை மட்டும் சின்ன டப்பாவில் பிடித்து, மாமாவுக்குக் குடு அக்கா என்று உங்கப்பாவுக்காகக் கொண்டுவந்தான். ஒரு டம்ளரின் அடி நனையும், அவ்வளவுதான் இருந்தது. நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன் தர்ஷினி. தண்ணீராக ஓடுகிறது. முதலில் புளிப்பு, அப்புறம்தான் இனிப்பு, கடைசியில் லேசாக ஒரு கசப்பு. நீ அனுப்பினது பாகு மாதிரி கெட்டி, தித்திப்பைத் தவிர வேறு ருசியே கிடையாது. முதல் பாட்டிலுக்கும் இரண்டாவது பாட்டிலுக்கும் நடுவில் மழைக்காலம் போய் பொங்கலே வந்துவிட்டது, நிறம்கூடக் கொஞ்சமும் மாறவில்லை. பூ மாறினால் தேன் மாறாதா. ஒரு கூட்டில் வருஷத்துக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்றால் அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் ஊர் ஊராக பாட்டில் பாட்டிலாக எங்கிருந்து எடுத்து அனுப்புகிறான்.

நான் மாமா கொடுத்ததை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டேன். விட்ட உடனே கரைந்துவிட்டது. காகிதத்திலும் ஊறிவிட்டது. உங்கப்பா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டி, பாத்தியா, ஒந்தம்பி குடுத்ததுதான் டூப்ளிகேட்டு என்றார். மாமா முகம் செத்துப்போய்விட்டது. தன் கையால் சுவரிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவன், காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

மாமா மகன் எழிலரசன் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருக்கிறான் இல்லையா, அவனிடம் நீ அனுப்பினதில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். அங்கே சோதனை செய்கிற மேடம் தனக்குத் தெரிந்த பெரிய லேபில் கொடுத்துப் பார்த்தார்களாம். பெரும்பாலும் அரிசியில் காய்ச்சின சிரப்புதான் அத்தை, கலருக்கும் வாசனைக்கும் என்னவோ சேர்த்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னான். தண்ணீர், தீக்குச்சி, காகிதம் எதிலும் மாட்டிக்கொள்ளாத மாதிரிதான் தயார் பண்ணுகிறார்களாம், வீட்டு சோதனையில் கண்டுபிடிக்கவே முடியாதாம்.

அந்தச் செய்தியோடு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். போலித் தேனால்தான் இப்படி ஆனது, அசலாகக் கிடைத்தால் புண் ஆறிவிடுமா என்று கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அசலோ போலியோ, சர்க்கரை வியாதிக்காரர் உடம்புக்கு ரெண்டுமே சர்க்கரைதாம்மா, காயத்துக்குப் போடறதுன்னு சுத்தம் பண்ணின தேன் ஆஸ்பத்திரியில தனியா இருக்கு, அதையும் நாங்கதான் பாத்துப் போடணும், இப்ப அந்தக் கட்டம் தாண்டிடுச்சு, ஊசியை ஆரம்பிங்க, வியாழக்கெழமை அவரைக் கூட்டிட்டு வாங்க என்றார்கள். இத்தனை நாளும் எது அசல் எது போலி என்று நான் டம்ளரும் தீக்குச்சியுமாக அலைந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவர் கால் கறுத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். உங்கப்பா நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். இது தேனே இல்ல, அரிசிப் பாகு, ஒம்பொண்ண எவனோ ஏமாத்திட்டான், கால வெட்டக் குடுத்துட்டு உக்காரப் போறியா என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவர் சண்டைக்கு வரவில்லை. வாசப்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். எனக்குத் தெரியும்டி என்றார். என்ன தெரியும் என்றேன். அன்னிக்கு ஒந்தம்பி கொண்டாந்தத நாக்குல வெச்சன் பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு, சின்ன வயசுல எங்க கெணத்துச் சுவத்துல இந்தத் தேன எத்தினி வாட்டி நக்கியிருக்கறன், அந்தப் புளிப்பு எனக்குத் தெரியாதா என்றார். தெரிஞ்சும் ஏன்யா குடிச்ச என்று நான் அழுதேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நா நிறுத்துனா ஏன் நிறுத்துனன்னு அவ கேப்பா. கேட்டா சொல்லணும். வாயும் வயிறுமா அங்க ஒண்டியா கெடக்கறா, நா அனுப்புனதாலதான் எங்கப்பா வெரலு போச்சுன்னு நெனச்சா அந்தப் புள்ள தாங்குமா. அவளுக்குக் கொழந்த பொறக்கட்டும், அதுவரைக்கும் இப்படியே ஓட்டிடறன். இத அவ காதுல போட்டியோ, இந்த வூட்ல நா ஒரு வாய் சோறு தின்ன மாட்டன்.

குழந்தை பிறக்கிற வரைக்கும் என்கிறார். அதுவரை இந்தக் கால் காத்திருக்குமா. அவருக்கு ஆபரேஷன் என்றால் பயமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. வெரல எடுத்தா வரப்புல எப்படி நிப்பன் என்று ஒரு தடவை கேட்டார். ஆனால் பயத்தை நான் எப்படியாவது பேசி மாற்றிவிடுவேன். உன் மேல் இருக்கிற பாசத்தை எதைச் சொல்லி மாற்றுவேன். அன்றிலிருந்து ஊசி மட்டும் போட்டுக்கொள்கிறார், அந்தமட்டும் கேட்டார். கையெழுத்து என்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். அதை மீறித்தான் இதை எழுதுகிறேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை அம்மாடி. இந்த மாதிரி நேரத்தில் உனக்கு இதைச் சொல்லலாமா என்று பல தடவை எழுதாமல் எழுந்து போய்விட்டேன். நீ தைரியசாலி. உன்னை ஏமாற்றினவன்தான் பாவி, நீ இல்லை. புண் ஏற்கெனவே ஆழமாகத்தான் இருந்தது என்று டாக்டரம்மாவே சொன்னார்கள். நீ செய்ய வேண்டியது இதுதான். வரப்போகிற பாட்டிலை உடனே கேன்சல் பண்ணிவிடு. அப்புறம் அப்பாவுக்குப் போன் போடு. இந்தக் கடிதாசியைப் பற்றி மூச்சு விடாதே. அந்தக் கம்பெனி மோசம் என்று இங்கே நிறைய பேர் பேசிக்கொள்கிறார்கள், என்னையும் ஏமாற்றிவிட்டான், போனால் போகட்டும் அப்பா என்று நீயாகவே சாதாரணமாகச் சொல். உனக்கு அது பெரிய விஷயமில்லை என்று அவர் காதால் கேட்க வேண்டும். எனக்குப் பிரசவத்துக்கு நீங்கள் நடந்து வந்து நிற்க வேண்டும், அதனால் வியாழக்கிழமை போய்ப் படுங்கள் என்று கேள். நான் கேட்டால் கெஞ்சல், டாக்டர் கேட்டால் மிரட்டல், நீ கேட்டால்தான் அவருக்கு அது வார்த்தை.

இன்னொன்று, மறக்காமல் எழுதுகிறேன். குழந்தை பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைக்கிறேன் என்று அங்கே யாராவது நம்ம ஊர்க்காரர்கள் வருவார்கள். ஒரு வயது முடிகிறவரை கூடவே கூடாது, அசல் தேனாக இருந்தாலும் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள். யார் மனம் கோணினாலும் சரி, விடாதே. இரும்பு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள். வெயிலில் பாடம் எடுக்க ஸ்கூலுக்கு நடந்து போகாதே. வீடியோவில் யார் எதைச் சொன்னாலும் முதலில் உன் டாக்டரைக் கேள்.

சார்லஸ் செவ்வாய்க்கிழமை மஸ்கட்டில் இறங்கிவிடுவான். நீ புதன்கிழமைக்குள் பேசிவிட வேண்டும். அழுகை வந்தால் முதலில் அழுது தீர்த்துவிடு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு வாய் காபி குடித்துவிட்டு அப்புறம் கூப்பிடு. உன் குரல் உடைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் கையெழுத்துப் போடவே மாட்டார். சிரித்துப் பேசு கண்ணு. ஒரே ஒரு தடவை, உங்கப்பாவுக்காக, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி சிரித்துப் பேசு.

நீயும் உன் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். புதன்கிழமை, மறந்துவிடாதே.

உன் அம்மா,
சு. ஆதிலட்சுமி