பீரோவில் இருக்கும் துப்பாக்கி

நவ. 11, செவ்வாய்

விடியறதுக்கு முன்னாடியே மழை. ஏரிப் பக்கத் தெருவில் கணுக்கால் தண்ணி. மெடிக்கல் ஷாப் வேலைக்குப் போகல.

எட்டு மணிக்குத் தாமு அண்ணன் சம்சாரம் கலா போன். அண்ணன் ஆஸ்பத்திரியில். துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடிச்சிடுச்சாம். இடது தோள்.

இவரும் தாமு அண்ணனும் பட்டாளத்துல ஒண்ணு. பென்ஷன் வாங்கினப்புறம் பேங்க் காவலும் ஒண்ணு. ரெண்டு பேருக்கும் சொந்த லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கி. ஆகஸ்ட்ல வேலை போச்சு. அதிலேர்ந்து துப்பாக்கி அவங்கவங்க வீட்டு பீரோல.

இவர்கிட்ட சொன்னேன். டீ கிளாஸைக் கீழ வச்சார். "தோட்டாவோட துடைக்கிற ஆள் இல்ல அவன்"னார்.

நவ. 12, புதன்

ஆஸ்பத்திரி. ஐ.சி.யு. வாசல்ல கலா, காலில் செருப்பில்லாம. நேத்திலேர்ந்து அப்படியேதான் இருக்கா.

முதல் ஆபரேஷன் முடிஞ்சுது. காயத்தைக் கழுவி, செத்த சதையை எடுத்துட்டு, மூடாம விட்டிருக்காங்க. இப்பவே மூடினா சீழ் பிடிக்குமாம். எக்ஸ்ரேல தோள் பூரா வெள்ளைப் புள்ளி. சின்னச் சின்ன ஈயக் குண்டு. சிலது உள்ளேயே இருக்கட்டும், தோண்டினா நரம்பு போயிடும்னு டாக்டர். விரல் அசையல. உயிருக்கு இப்போதைக்குப் பயமில்ல. 'இப்போதைக்கு'ன்னு ரெண்டு தரம் சொன்னார்.

இட்லி கொண்டு போனேன். கலா தொடல. சுவரைப் பார்த்துட்டே சொன்னா: "துடைக்கும்போது இல்லக்கா, அவராதான். எனக்கு ஒரு மாசமாத் தெரியும். பீரோவைத் திறந்து துப்பாக்கி இருக்கான்னு பார்ப்பேன், மூடிடுவேன். யார்கிட்டயாவது சொன்னா அவருக்கு அவமானம்னு விட்டுட்டேன்."

இவர் வரலை. முட்டி வலியாம்.

நவ. 13, வியாழன்

கடை. சுகர் மாத்திரைக்குப் பதிலா பிரஷர் மாத்திரை எடுத்துக் குடுக்கப் பார்த்தேன். நல்லவேளை, ஓனர் கவனிச்சார்.

இவரைப் பத்தி மனசுல ஓடுறதை எழுதிடறேன்:

– மூணு வாரமா ஷேவிங் இல்ல
– தூக்கம் இல்ல
– பொண்ணு வீடியோ கால் பண்ணினா எழுந்து போயிடறார்
– வாட்சை மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டார். "எனக்கு எதுக்கு நேரம்"
– பென்ஷன், நாமினி பேப்பர் எல்லாம் ஒரே ஃபைல். பேர் எழுதி என் பக்கம் வச்சார். நல்ல பழக்கம்னு பாராட்டினேன். பாராட்டினேன்!

பீரோ சாவியை எடுத்து என் பையில போட்டுக்கிட்டேன். தோட்டாவும் உள்ளதான்.

நவ. 14, வெள்ளி

தாமு அண்ணனுக்கு ரெண்டாவது ஆபரேஷன். மனநல டாக்டரம்மா கலாகிட்டப் பேசிட்டு வெளிய வந்தாங்க. பின்னாடியே போனேன். என்ன கேக்கறதுன்னு தெரியாம ஏதோ உளறினேன். "யாருக்காகக் கேக்கறீங்க?" வீட்டுக்காரருக்குன்னேன். பக்கத்துல உட்கார வச்சாங்க.

சொன்னது: நேரடியாக் கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ரொம்ப மோசமான நேரம்னு ஒண்ணு வரும், அது போயிடும். அந்த நேரத்துல துப்பாக்கி கைக்கு எட்டக்கூடாது. சாவியை ஒளிச்சா போதாது, வீட்டை விட்டே போகணும். நீங்க தொடாதீங்க, போலீஸ்ல சொல்லுங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, இங்க கூட்டிட்டு வாங்க, எந்நேரமானாலும்.

வீட்டுக்கு வந்தா, பீரோ முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார். இஸ்திரி போட்ட சட்டை வேற.

"சாவி எங்க?"

என்கிட்டன்னேன். குடுன்னார். மாட்டேன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொன்னதில்ல. எதிர்ல தரையில உட்கார்ந்துட்டேன்.

"செத்துடலாம்னு தோணுதா உங்களுக்கு?"

மெதுவாச் சொன்னார்: "தாமு என்கிட்ட சொன்னான். நான் தடுக்கல. எனக்கும் அதேதான் ஓடிட்டு இருந்துச்சு."

இப்பவும் இருக்கான்னு கேட்டேன்.

"இருக்கு."

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். உடனே வாங்கன்னாங்க. ஆட்டோ. வழியெல்லாம் அவர் மணிக்கட்டைப் பிடிச்சுட்டே போனேன், குழந்தையைக் கூட்டிட்டுப் போற மாதிரி. உதறல.

நவ. 15, சனி

அட்மிட். மாத்திரை குடுத்தாங்க, தூங்கறார். நான் ஸ்டூல்ல. மூச்சு விடறாரான்னு பார்க்கறேன். விடறார். திரும்பப் பார்க்கறேன்.

நவ. 16, ஞாயிறு

டாக்டரம்மா அவர்கிட்டத் தனியா ஒரு மணி நேரம் பேசினாங்க. வீட்டுக்குப் போகலாம், ஆனா துப்பாக்கி அங்க இருக்கக் கூடாதுன்னாங்க. நேரா ஸ்டேஷன். லைசென்ஸ் புக் என் பையில.

ஏட்டு, நரைச்ச மீசை. எலக்‌ஷன்கூட இல்லையே சார், அப்பதானே துப்பாக்கியை வாங்கி வைப்போம், இப்ப எதுக்கு ஒப்படைக்கறீங்கன்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவரே சொன்னார்: "வீட்ல இருந்தா எனக்கு நல்லதில்ல."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். இவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். அப்புறம் அவரே ஒரு கான்ஸ்டபிளோட வீட்டுக்கு வந்தார். சாவியை அவர் கையில குடுத்தேன். துப்பாக்கி, தோட்டா ரெண்டையும் எடுத்தாங்க. இவர் ஹால்ல நின்னுட்டு ரசீதில் கையெழுத்துப் போட்டார். ஜீப் தெருவைத் தாண்டற வரைக்கும் வாசல்லேர்ந்து நகரல. அழறாரோன்னு பார்த்தேன். தெரியல, மழை.

நவ. 17, திங்கள்

ஓ.பி.ல காட்டிட்டு, தாமு அண்ணனைப் பார்க்கப் போனோம். ஆள்காட்டி விரல் லேசா அசையுது. நல்ல அறிகுறியாம். இவர் அந்த விரலைத் தொட்டுட்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது தாமு அண்ணன், "உன்னோடது எங்கடா?"ன்னார். "குடுத்துட்டேன்." அவர் கண்ணை மூடிக்கிட்டார்.

மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும்தான் ரொம்பக் கவனமா இருக்கணுமாம்.

நவ. 18, செவ்வாய்

வெயில். ஈரத்துணி எல்லாம் மாடியில.

பொண்ணு நாளைக்கு வரா. கடைக்குப் பதினைஞ்சு நாள் லீவு.

காலையில பாத்ரூம் போனவர் ரொம்ப நேரம் வரல. தண்ணி சத்தமும் இல்ல. தட்டினேன். பதில் இல்ல. திரும்பத் தட்டினேன்.

"இருக்கேன்"னார்.