அடுப்படிச் சுவரில் இருந்த தெரு

ஜூன் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தைக் கிழித்துப் போடவாவது கையில் எடுப்பாய் அல்லவா?

நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு நாற்பது நாள். அலமாரியில் இருந்த உன் நீர்வண்ணப் புத்தகங்கள் மூன்றையும் தூசி தட்ட எடுத்தேன். முதல் பாடத்திலேயே மாட்டிக்கொண்டேன். ‘ஈரம் காயும் முன் அடுத்த வண்ணத்தை இடு’ என்கிறது! வீடு வீடாக வெள்ளையடித்த முப்பது வருஷமும், “ஈரச் சுவத்துல பிரஷ் வைக்காதீங்கய்யா” என்று ஆட்களிடம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். சுவரில் ஈரம் பூத்தால் கெட்ட பேர். தாளில் பூத்தால் மேகமாம்!

நேற்று நானும் ஒரு மேகம் போட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் பார்த்துவிட்டு, “எருமை நல்லா வந்திருக்கே” என்றார்.

உன் பெட்டியில் வெள்ளை டியூப்பைக் காணோம். சுண்ணாம்பு கரைக்கட்டுமா?

உன் பெயிண்டர்


ஜூன் 9

பெயிண்டருக்கு,

சுண்ணாம்பில் தோய்த்தால் என் பிரஷ்கள் செத்துவிடும். வெள்ளை டியூப்பில் இல்லை, தாளில் இருக்கிறது. எந்த இடத்தை வெள்ளையாக விட வேண்டும் என்று முதலிலேயே பார்த்து, அதைத் தொடாமல் விட வேண்டும்.

விட்டுவைப்பது உங்களுக்கு வராது. நாலு வருஷமாக அடுப்படிச் சுவரில் பென்சிலால் நம் தெருவை வரைந்தேன். இரண்டே நாள் நான் ஊரில் இல்லை. மஞ்சள் அடித்து மூடிவிட்டு, “எப்படிப் பளிச்சுனு இருக்கு பாரு” என்றீர்கள்.

எருமைக்கு வாழ்த்துகள்.

நான்


ஜூன் 14

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் படத்தைக் கிறுக்கல் என்று நினைத்து மூடவில்லை. அடுப்புப் புகை என்று நினைத்தேன். அது இன்னும் மோசம், தெரியும். என் தப்புதான்.

ஆனால் கேள்! மூன்றாவது புத்தகம், ஏழாம் பாடம். காய்ந்த வண்ணத்தையும் எடுக்கலாமாம்! நனை, பத்து வரை எண்ணு, பஞ்சால் ஒற்று, தேய்க்காதே. எருமையிடம் செய்து பார்த்தேன். வயிறு வெளுத்துவிட்டது!

அப்போதுதான் பொறி தட்டியது. அடுப்படிச் சுவரில் அடியில் இருப்பது ஆயில் பெயிண்ட். அவசரத்தில் அதன்மேல் நான் அடித்ததோ தண்ணீரில் கரையும் டிஸ்டெம்பர். வேறு யாராவது இப்படி வேலை செய்திருந்தால் மானத்தை வாங்கியிருப்பேன். கைக்குட்டை அளவு இடத்தை நனைத்தேன். எண்ணினேன். ஒற்றினேன்.

மின்கம்பம்! அதன் உச்சியில் உன் காக்கை! வால் கொஞ்சம் மங்கல், மற்றபடி உயிரோடு இருக்கிறது. தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இது எருமை இல்லையே” என்றார்.

உன் பெயிண்டர்


ஜூன் 19

என்னங்க,

காக்கை இருக்கிறதா? நிஜமாகவா? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன்.

வெந்நீர் வேண்டாம். ஒரே இடத்தை மூன்று தடவைக்கு மேல் நனைக்காதீர்கள், பென்சிலும் கூடவே வந்துவிடும். இடப்பக்கத்திலிருந்து போங்கள். ஆனால் வலது கோடியில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு சாண் இடத்தைத் தொடக்கூடாது. அங்கே ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வீடு திரும்புகிறார். அவரை நான்தான் எடுப்பேன்.

பெட்டி கட்டுவதைப் பார்த்து அக்கா, “செவுத்துக்காகப் போறியா, மனுஷனுக்காகப் போறியாடி?” என்றாள். “ரெண்டையும் அவர் கெடுக்கறதுக்குள்ள போகணும்க்கா” என்றேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 23

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

தெரு முழுக்க வந்துவிட்டது. தையல்காரரின் கடைப் பலகை, குழாயடி, இரண்டு சைக்கிள், எல்லாம்.

அந்த ஒரு சாண் மட்டும் மஞ்சளாகவே நிற்கிறது. பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர், புதுப் பஞ்சு. நாலு வருஷம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்த சுவரில் நானும் இருந்திருக்கிறேன்!

கை துறுதுறுக்கிறது. விட்டுவைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

உன் பெயிண்டர்