ஒரு நாளைக்கு ஆறு தடவை

மார்ச் 3
மகனுக்கு இன்றோடு பத்தொன்பது நாள். பல் முளைக்கவில்லை, ஆனாலும் கடித்துத்தான் குடிக்கிறான். ஒவ்வொரு வேளையும் பாலோடு என் ரத்தமும் போகிறது. பிறந்தபோது மூன்று கிலோ, இன்று இரண்டரை. பள்ளியில் எனக்குச் சரித்திரப் பாடம். முற்றுகையிட்ட கோட்டைக்குள் மக்கள் எப்படிப் பட்டினி கிடந்தார்கள் என்று வருடாவருடம் உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 5
டாக்டர் அவன் நாக்கை விரலால் தூக்கிக் காட்டினார். நுனிவரைக்கும் ஒரு சவ்வு, கடிவாளம் மாதிரி கீழே இழுத்துக் கட்டியிருக்கிறது. அதனால்தான் உறிஞ்ச முடியாமல் கடிக்கிறானாம். வெட்டிவிட வேண்டுமாம்.
மாமியார்: "எங்க வம்சத்துல யாருக்கும் நாக்க வெட்டினதில்ல."
அந்தக் குறையை நான் கல்யாணமான நாளிலிருந்தே உணர்ந்து வருகிறேன்.

மார்ச் 7
துண்டில் சுருட்டினார்கள். நர்ஸ் தலையைப் பிடிக்க, நான் தோளை அழுத்தினேன். கத்தரி. மூன்று நொடி. வாய் நிறைய ரத்தம். என் கணவர் டாக்டரின் காலரைப் பிடித்துவிட்டார்.
"விடுங்க சார். கஷ்டமே இனிமேதான்."
புண் மறுபடி ஒட்டாமலிருக்க, நாக்கைத் தூக்கி அந்தப் புண்ணையே விரலால் பத்து எண்ணும்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை. மூன்று வாரம். எனக்கு மூன்று, அவருக்கு மூன்று என்று பிரித்துக்கொண்டோம்.

மார்ச் 9
அழுத்தினேன். அலறினான். அழுத்தினேன்.

மார்ச் 11
"பெத்தவளா நீ, கசாப்புக்காரியா?" என்று மாமியார் குறுக்கே பாய்ந்து என் மணிக்கட்டைக் கடித்தார். அவருக்குப் பல் இருக்கிறது. ஒரு கையால் அவரைச் சுவரோடு தள்ளிவிட்டு, மறு கையால் வேலையை முடித்தேன்.
கணவர் சமர்த்து. கதவைச் சாத்திக்கொள்கிறார். அலறல் கேட்கிறது, ஒரே நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

மார்ச் 15
பாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் கணவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார்.
"நான் தொடவே இல்ல. உன் முறையில அவன் அழுதத போன்ல பதிவு பண்ணி வச்சிருந்தேன். அதத்தான் போட்டேன்."
அந்த ஒரே அலறலுக்கு நான் தினமும் மூன்று முறை காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்.
டாக்டர் கத்தரியை எடுக்கவில்லை. விரலாலேயே கிழித்தார்.
ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பைக் கழற்றிக் கணவரை அடித்தேன் — எத்தனை அடி என்று தெரியவில்லை. அவர் தடுக்கவில்லை.
"அடி. ஆனா அவன் என் விரல புடிச்சுக்கிட்டான்டி. எப்படி அழுத்துவேன், சொல்லு?"
எப்படியா? நான் மட்டும் எப்படி? பாவி மனுஷா, எனக்கு மட்டும் விரல இரும்புலயா செஞ்சு வச்சிருக்கு?

மார்ச் 16
ஆறும் எனக்கே. கணவர் பிடித்துக்கொள்கிறார், கண்ணை மூடிக்கொண்டு.

மார்ச் 24
மாமியார் கதவுக்கு வெளியே நின்று சத்தமாக எண்ணுகிறார். "பத்து ஆச்சு. விடுடி அவன!" எட்டிலிருந்து பத்துக்குத் தாவுகிறார்.

ஏப்ரல் 6
மூன்றே கால் கிலோ. ஒட்டவில்லை. இனி தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் பாலோடு ரத்தம் வருவது நின்றுவிட்டது.
மதியம் அவன் உதட்டோரம் பால் வழிந்தது. துடைக்க விரலைக் கொண்டுபோனேன். வாயை இறுக மூடிக்கொண்டான்.
அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குடித்தான்.