சேந்தன் காரிக்கு அருளிய கோட்டை

மலை தேயாமலும் மழை பொய்யாமலும் நிற்கும் நெடுவரை நாட்டை ஆளும் பெருந்தேவி எயினி நங்கையார் திருவாய் மலர்ந்தபடி, அரண்மனை ஓலை எழுதும் மருதன் வரைந்தது. தலைநகர் ஓலைவாயில் அதிகாரி சேந்தன் காரி காண்க. உமது குடி வாழ்க. உமது ஊர்க் கிணறு வற்றாதிருக்க.

வாயிலின் முறையை நீர் அறிவீர். அங்கு வரும் ஓலையை எவரும் பிரிப்பதில்லை. மேலுறையில் உள்ள விடுத்தவர் பெயரும் பெறுபவர் பெயரும் உள்ளே அமர்ந்த சல்லடைக்காரருக்கு உரக்கச் சொல்லப்படும். அவர்கள் உமது விதிப்படி ஒன்றை உள்ளே விடுவர், ஒன்றை அடுப்பில் இடுவர். பகைவரின் பொய்யோலை புகாதிருக்கத் தேவியார் வகுத்த காவல் இது.

தேவியாரின் தம்பி கொற்றனார் வடகரைக் கோட்டையில் முற்றுகையுண்டு, படையும் நெல்லும் வேண்டி ஓலைமேல் ஓலை விடுத்தார். முன்பு அவர் அவையில் உம்மைக் காட்டி, தாழ்ப்பாளுக்கு மீசை எதற்கு என்று வினவியதையும் அவை சிரித்ததையும் நீர் மறக்கவில்லை. கொற்றன் விடுத்த ஓலை எதுவாயினும் அடுப்புக்கு என்று விதித்தீர். தம்பி ஒரு சொல்லும் எழுதவில்லையே என்று தேவியார் சினந்திருந்த நாட்களில், உமது ஆட்கள் அவர் சொற்களில் குளிர் காய்ந்தனர்.

இறுதியில் கொற்றனார் காரணத்தை உணர்ந்தார். மேலுறையில் விடுத்தவர் சேந்தன் காரி என்று எழுதினார். அவ்வோலை தடையின்றித் தேவியார் கைக்கு வந்தது. தோல்வாரை வேகவைத்து உண்பதாகவும், அக்காவின் தாழ்ப்பாள் நன்றாகவே வேலை செய்வதாகவும் அதில் இருந்தது.

படை சென்றது. கோட்டை மீண்டது. அவர் மீளவில்லை.

தேவியார் அழவில்லை. உமது தலையைக் கொய்ய அமைச்சர் வேண்டியபோது, அது விரைவில் முடிந்துவிடும் என்றார்.

ஆகவே கட்டளை. வடகரைக் கோட்டைக்கு இனி நீரே தலைவர், நீரே காவலர். பகைவர் பாசறை ஆற்றுக்கு அக்கரையில் இன்னும் இருக்கிறது. நம் படை மலையடியில் நிற்கும், கோட்டைக்குள் வாராது. கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் இத்துடன் வருகிறது. நெல் வேண்டின் எழுதும். படை வேண்டின் எழுதும். ஏடும் எழுத்தாணியும் குறைவின்றித் தரப்படும். வடகரையிலிருந்து வரும் ஓலை, விடுத்தவர் எவராயினும், பெறுபவர் எவராயினும், அடுப்புக்கு என்று எல்லா வாயில்களிலும் சொல்லியாயிற்று.

தேவியாரின் முத்திரை இட்டோம். கண்டவுடன் புறப்படுக.

இதன் மேலுறையில் விடுத்தவர் கொற்றன் என்றே எழுதப்பட்டுள்ளது. அப்பெயருக்கு நீர் இட்ட அடுப்பு விதியைத் தேவியார் நீக்கிவிட்டார். வாயிலில் அப்பெயரை உரக்கச் சொன்னதை நீர் கேட்டிருப்பீர்.